மேடை வேண்டாம், லீவு கொடுங்கள்

ஜூன் 4

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்பதில் என் இடது முழங்காலைச் சேர்க்கவில்லை. அது இப்போது தனிக்கட்சி. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கடிதம் போட்டுக் கேட்கும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டாய். பன்னிரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் படித்துவிட்டாய் என்று குறி மட்டும் விழுகிறது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டால், "இருக்கா மச்சான், கொஞ்சம் வேலையா இருக்கா" என்று சொல்லிவிட்டு அவருடைய ஆபீஸ் லிஃப்ட் பழுதான கதையை ஆரம்பிக்கிறார். ஒரு மனுஷன் லிஃப்டைப் பற்றி ஏழு நிமிடம் பேசினால் வேறு எதையோ மறைக்கிறார் என்று அர்த்தமாம். இது உன் அண்ணியின் கண்டுபிடிப்பு.

என்மேல் கோபமா? நான் என்ன செய்தேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். பட்டியல் நீண்டுகொண்டே போனதால் பாதியில் எழுந்துவிட்டேன். எதுவாக இருந்தாலும் இரண்டு வரி திட்டி எழுது. நீ திட்டாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்து நீ வாயைத் திறக்காமல் இருந்தது ஒரே ஒரு நாள். அன்று உனக்குப் பல் பிடுங்கியிருந்தார்கள்.

சரி, நம் மாநாட்டுக் கதைக்கு வருகிறேன். மாநாடு என்று வெளியே சொன்னால் கொடி, ஊர்வலம், பந்தல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம்முடையது நூற்றிருபது நாற்காலி, ஒரு திரை, ஒரு நாள். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவர்கள் கூடி, நிரல் எழுதிப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பேசிவிட்டுக் கலைவோம். இது ஒன்பதாவது வருடம். உன் அண்ணி இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பொண்ணு மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்'. மண்டபம் உண்டு, பத்திரிகை உண்டு, சாப்பாட்டில் குறை சொல்கிறவர்கள் உண்டு, கடைசியில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்கிறாள். உண்மைதான். ஆனாலும் முந்தைய இரண்டு மாதம் நான்தான் பெண்ணைப் பெற்றவன் மாதிரி அலைகிறேன்.

இந்த வருடம் இடம் கண் மருத்துவர்கள் சங்கத்தின் கூட்ட அறை. பின்சுவரில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை போட்ட அந்தப் பலகை மாட்டியிருக்கிறது. நம் பேச்சாளர்கள் திரையில் எறும்பு எறும்பாக நிரலைக் காட்டும்போது, கேட்பவர்கள் திரும்பிப் பார்த்துத் தங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளலாம். குறை ஒன்றுதான். காபி இயந்திரத்தையும் திரைக் கருவியையும் ஒரே நேரத்தில் போட்டால் மின்சாரம் போய்விடுகிறது. அறிவா காபியா என்று மக்களிடம் கேட்டால் அறிவு தோற்கும் என்பதால், இடைவேளையில் மட்டும் காபி என்று முடிவு செய்தோம்.

குழுவில் வழக்கம்போல மூன்று பேர். நான், வயர், வாத்தியாரம்மா. வயரை உனக்குத் தெரியும். எந்த மடிக்கணினியை எந்தத் திரையில் செருகவும் பையில் ஒரு இணைப்பு முனை வைத்திருப்பவர். போன வருடம் விமான நிலையத்தில் அந்தப் பையைத் திறந்து பார்த்து அவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். வாத்தியாரம்மா கல்லூரியில் நிரலாக்கம் சொல்லிக்கொடுப்பவர். நான் ஜோக் அடித்தால் சிரிக்காமல், "முடிஞ்சுதா சார்?" என்று கேட்பவர். மூன்று வருடமாக முயற்சி செய்கிறேன், ஒரு புன்னகை கூடப் பெயரவில்லை.

பேச்சாளர்களை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். பேச விரும்புகிறவர்கள் ஒரு பக்கம் எழுதி அனுப்புவார்கள். பெயர், வேலை செய்யும் இடம், ஊர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு மூவரும் படிப்போம். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். யாராவது ஒருவர் பூஜ்யம் போட்டால் அது அதோடு அவுட், மற்ற இருவர் ஐந்தைந்து போட்டிருந்தாலும். இது நான் முதல் வருடம் கொண்டுவந்த சட்டம். தேர்வானவர்களின் பெயரை மட்டும்தான் திறந்து பார்ப்போம். தேறாதவர் யார் என்று எங்களுக்கே தெரியாது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று யாரும் உள்ளே நுழைய முடியாது. அதில் எனக்குப் பெருமை.

இந்த வருடம் ஐம்பத்தெட்டு வந்தன. ஐம்பத்தெட்டையும் படித்தால் மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்கும். அதனால் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எங்களுக்குள் சிரித்துக்கொள்ள ஒரு குறிப்புக் கட்டம் சேர்த்தேன். அதில் என் திறமை கொடிகட்டிப் பறந்தது. ஒன்றை மட்டும் சொல்கிறேன், கேள். யாரோ ஒரு புண்ணியவான் ஏழு வருடமாக ஒரே ஒரு பழைய நிரலைப் பார்த்துக்கொள்கிறாராம். அவருக்கு முன்னால் அதை எழுதிவிட்டு ஓடிப்போன ஆள் எதற்கும் விளக்கம் வைக்கவில்லையாம், வெறும் ஜோக் மட்டும் எழுதி வைத்திருந்தானாம். ஒரு பகுதிக்குப் பெயரே 'பாத்துக்கலாம்'. அடுத்ததற்கு 'பாத்துக்கலாம் ரெண்டு'. என்ன பிறவியோ! அந்தக் கொடுமையை நாற்பது நிமிடம் பேச வேண்டுமாம். நான் பூஜ்யம் போட்டு, குறிப்பில் எழுதினேன்: 'ஏழு வருடம் ஒரே நிரலைக் கட்டிக்கொண்டு அழுதவருக்கு மேடை வேண்டாம், லீவு கொடுங்கள்.' வயர் இதைப் படித்துவிட்டுக் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். உனக்கும் சிரிப்பு வரும் என்றுதான் எழுதுகிறேன்.

தேறாதவர்களுக்குப் பதில் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நானே எழுதிய நிரல் நாற்பத்தாறு பேருக்கும் ஒரே நிமிடத்தில் அனுப்பிவிட்டது. மாநாடு ஜூலை இருபதாம் தேதி. நீ இந்த வருடமாவது வா. எட்டு வருடமாகக் கூப்பிடுகிறேன், எட்டு வருடமாக "அங்க எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுவாங்க அண்ணா, நான் வந்து என்ன பண்ணப்போறேன்" என்கிறாய். ஒன்றும் பண்ண வேண்டாம், சும்மா உட்கார். உன் ஆஸ்பத்திரி டோக்கன் நிரல் எப்படி இருக்கிறது? நான் பெற்றுப் போட்டுவிட்டு ஓடிவந்த பிள்ளை அல்லவா! கேட்டதாகச் சொல்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் அண்ணன்


ஜூன் 13

தங்கச்சிக்கு,

நேற்று மாலை மாப்பிள்ளை கூப்பிட்டார். லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கடிதம் வந்ததாகவும், நீ அதைச் சமையலறையில் நின்றபடி படித்ததாகவும், படித்து முடித்து மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "அதை எழுதினது அண்ணன்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று மட்டும் சொன்னதாகவும் சொன்னார். பிறகு அவர், "மச்சான், மேடை வேண்டாம் லீவு கொடுங்கன்னு அவளுக்கு உங்க மாநாட்டுல இருந்து மெயில் வந்துச்சு. நான் படிச்சப்பவே இந்த ஜோக் ஒரே ஒருத்தருக்குத்தான் வரும்னு நெனச்சேன். இல்ல, இருக்காதுன்னு அவளுக்குச் சமாதானம் சொல்லிட்டு இருந்தேன். நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்க" என்றார். சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

என் நிரலைத் திறந்து பார்த்தேன். முதல் மாநாட்டுக்காக எழுதியது. பட்டியலில் ஒவ்வொருவர் வரிசையிலும் கடைசிக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கடிதத்தின் அடியில் சேர்த்து அனுப்பு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தேன். எட்டு வருடமாகக் கடைசிக் கட்டத்தில் இருந்தது 'நன்றி, அடுத்த வருடமும் முயலுங்கள்'. இந்த வருடம் அதற்கும் பின்னால் என் குறிப்புக் கட்டத்தைச் சேர்த்தேன். அது சொன்ன வேலையைச் செய்துவிட்டது. நான் குறிப்பு எழுதிய பன்னிரண்டு பேருக்கு என் சிரிப்பு நேரே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் ஒருத்தி நீ.

தேறாதவர்களின் பெயர்களைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். திறந்தேன். மற்றப் பதினொரு பேருக்கும் நேற்றே தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். ஒருவர் உடனே பதில் போட்டார்: "பரவால்ல சார், எங்க மேனேஜர் இதைவிட மோசமா எழுதுவாரு, அதுல ஜோக் கூட இருக்காது." இன்னொருவர், இனி எங்கும் பேச விண்ணப்பிக்கப்போவதில்லை என்று ஒரே வரி எழுதியிருக்கிறார். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். உனக்கு எழுதுவதைக் கடைசிக்கு வைத்தேன். எல்லாருக்கும் எழுதிய அதே மன்னிப்பை உனக்கும் எழுத முடியாது என்று தெரிந்தது. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பிறகு நீ அனுப்பிய பக்கத்தை மறுபடி படித்தேன். இந்த முறை மதிப்பெண் போடுகிறவனாக இல்லாமல். ஆஸ்பத்திரி என்று நீ எங்கும் சொல்லவில்லை. சட்டப்படி 'ஒரு பொதுச் சேவைக்கான சிறிய நிரல்' என்று மறைத்திருக்கிறாய். ஆனால் 'பாத்துக்கலாம்' என்று பெயர் வைக்கும் பிறவி உலகத்தில் எத்தனை பேர் இருக்க முடியும்? அதைப் படித்து, என்ன பிறவியோ என்று உனக்கே எழுதினேனே! பதினாறு வருடத்துக்கு முன் நான் எழுதிய நிரல், நான் வைத்த பெயர், நான் அடித்த ஜோக். எனக்கு அடையாளம் தெரியவில்லை. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து யாரப்பா இந்த ஆள் என்று கேட்டு, அந்த ஆளுக்குப் பூஜ்யமும் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தப் பூஜ்யம் என்மேல் விழுந்திருந்தால் நியாயம். உன்மேல் விழுந்துவிட்டது.

உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "நீங்க சிரிக்க வைக்கிறது நல்லதுதாங்க. ஆனா சிரிக்கிறவங்களை மட்டும்தான் பாக்கறீங்க. அடி வாங்கினவங்க பக்கம் ஒரு நாளாவது திரும்பியிருக்கீங்களா?" என்றாள். இருபத்து மூன்று வருடமாக அவள்தான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அது தனி வழக்கு, வீட்டிலேயே நடக்கிறது.

உன் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. நிரலில் ஓரிடத்தில், காரணமே சொல்லாமல் மூன்று வினாடி காத்திருக்கச் சொல்லும் ஒரு வரி. அதன் மேலே, 'இந்த மூன்று வினாடியில் ஒரு வாய் டீ குடிக்கலாம்' என்று ஒரு குறிப்பு. அந்த மூன்று வினாடி எதற்கு என்று கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது, காரணத்தை உரையில் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் கேட்டிருக்கலாமே, சொந்த அண்ணன் ஒரு போன் தூரத்தில் இருக்கும்போது நான்கு மாதம் எதற்கு என்று மாப்பிள்ளையிடம் கத்தினேன். அவர் நிதானமாக, "நாலு தடவை கேட்டாளே மச்சான்" என்றார்.

பழைய செய்திகளைத் தோண்டினேன். நாலு தடவை கேட்டிருக்கிறாய். முதல் தடவை என் பதில்: 'அதான் எழுதியிருக்கேனே, டீ குடிக்க.' இரண்டாம் தடவை: வாய்விட்டுச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள், மூன்று. மூன்றாம் தடவை: 'அது குடும்ப ரகசியம், கல்யாணமானவங்களுக்குச் சொல்றதில்ல.' நான்காவதற்குப் பதிலே இல்லை. தேதியைப் பார்த்தேன். அன்று நான் ஆறாவது மாநாட்டின் மேடையில் நின்று, எங்கிருந்தோ வந்தவர்களிடம், 'எந்தச் சந்தேகமானாலும் வெட்கப்படாமல் கேளுங்கள், இங்கே எல்லாரும் ஒரே குடும்பம்' என்று பேசிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் தடவை நீ கேட்கவில்லை. கேட்காததற்கும் சேர்த்து இப்போது பதில் சொல்கிறேன். அந்த ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்க இரண்டு கவுன்டர். சில நாள் இரண்டு பேருக்கு ஒரே எண் விழுந்துவிடும். ஒரு நாள் பதினான்காம் எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு பெரியவர்கள், ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு இதயம், டாக்டர் அறை வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள் சரி செய் என்றார். என்னென்னவோ செய்து பார்த்தேன். எதேச்சையாக மூன்று வினாடி காத்திரு என்று ஒரு வரி போட்டேன். சண்டை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்லத் தெரியாதே என்று பயமாக இருந்தது. அதன்மேல் ஒரு ஜோக்கைப் போர்த்திவிட்டு, ஆறு மாதத்தில் வேறு வேலைக்கு ஓடிவிட்டேன்.

இன்றைக்கும் எனக்குக் காரணம் தெரியாது. நீ கேட்டபோதெல்லாம் நான் சிரித்ததற்கு அதுதான் அர்த்தம். வேறு எதுவும் இல்லை.

உன் பக்கத்தின் கடைசி வரியையும் இந்த முறைதான் படித்தேன். முதல் முறை அதுவரை போகாமலே பூஜ்யம் போட்டுவிட்டேன். 'எனக்கு முன்னால் இருந்தவரைத் திட்டிக்கொண்டேதான் இந்த வேலையைக் கற்றேன். அவர் கெட்டிக்காரர், அவருக்கு யாரும் உட்கார்ந்து யோசிக்க நேரம் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய்.

மாப்பிள்ளையிடம் நான் கத்தியதற்கு வருத்தம் சொல். மருமகளுக்கு என் முத்தம்.

அண்ணன்


ஜூன் 29

அன்புத் தங்கச்சிக்கு,

உன் செய்தி வந்தது. 'கடிதம் கிடைச்சுது. தெரியாதுன்னு எழுதினதுதான் இந்த ஏழு வருஷத்துல நீ எனக்கு அனுப்பின முதல் உருப்படியான பதில்.' அவ்வளவுதான். உன் அண்ணி அதை வாங்கிப் படித்துவிட்டு, "இது கோபம் போனதா, போகாததா?" என்று கேட்டாள். எனக்கும் புரியவில்லை. ஆனால் மனம் கொஞ்சம் லேசாகி, இரண்டு வாரத்தில் முதல் தடவையாகப் பசி எடுத்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயமாக. இதற்குள் வாத்தியாரம்மாவிடமிருந்து உனக்குக் கடிதம் வந்திருக்கும், உன் உரை தேர்வாகியிருக்கிறது என்று. நீ அதைப் பார்த்ததும், ஆகா, அண்ணன் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி உள்ளே நுழைத்துவிட்டான் என்று நினைத்திருப்பாய். உன் மூக்கு சிவப்பது இங்கிருந்தே தெரிகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அந்த வெட்கம்கெட்ட காரியத்தை நான் செய்யப் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. வயர், வாத்தியாரம்மா இருவரையும் கண் மருத்துவர்கள் அறைக்கு வரச் சொல்லி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பிறகு, இது என் தங்கை, மற்ற இருவரும் நல்ல மதிப்பெண்தான் போட்டிருக்கிறீர்கள், என் பூஜ்யத்தை அழித்துவிடுகிறேன், சேர்த்துக்கொள்வோம் என்றேன். வயருக்குச் சம்மதம், அவர் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்துப் பழகியவர். வாத்தியாரம்மா தலையை ஆட்டவே இல்லை. "சார், உங்க தங்கச்சின்னு தெரிஞ்சப்புறம் உள்ள விட்டா, அது அவங்களுக்கு நீங்க எழுதின கமென்ட்டைவிடப் பெரிய அவமானம். சொல்லாம அனுப்பினதே அதுக்குத்தானே?" என்றார். நான் ஏதோ ஜோக் சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அவர், "முடிஞ்சுதா சார்?" என்றார். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அவர்தான் வழி சொன்னார். என் பூஜ்யத்தால் வெளியே போனவை மொத்தம் ஆறு. அந்த ஆறையும், பெயர் இல்லாமல், என் குறிப்பும் இல்லாமல், எங்கள் யாரையும் தெரியாத வேறு ஊர் மாநாட்டுக்காரர் ஒருவருக்கு அனுப்பினார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. தேர்வுக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். ஒரு பூஜ்யத்தில் ஆளை வீழ்த்தும் சட்டத்தையும் தூக்கிவிட்டார்கள். கைதூக்கி வாக்கெடுப்பு நடந்தது, அதை எதிர்த்து நான்கூட வாக்களிக்கவில்லை. அந்த வேறு ஊர்க்காரர் ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று உன்னுடையது. அதன் பக்கத்தில் அவர் எழுதியதை வாத்தியாரம்மா எனக்குக் காட்டினார்: 'நாங்கள் எல்லாரும் யாரோ விட்டுப்போன நிரலோடுதான் வாழ்கிறோம். அதைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் யாரும் வருவதில்லை.' இதை உன்னிடம் சொல்ல அனுமதி வாங்கிவிட்டேன். இதில் என் தயவு ஒரு குன்றிமணி கூட இல்லை. நான் இதில் செய்த ஒரே உதவி, ஒதுங்கியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்தாலும் சரி. ஒன்பது வருடமாக மாநாடு நடத்துகிறேனே, ஒரு தடவையாவது நான் பேச விண்ணப்பித்திருக்கிறேனா? தொகுத்து வழங்குவேன், வரவேற்பேன், நன்றி சொல்வேன், இடையில் நாலு ஜோக். நாற்பது நிமிடம் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லி நிற்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. பூஜ்யம் போடும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பூஜ்யம் வாங்க வேண்டியதில்லை அல்லவா? நீ வீட்டில் தனியாக, கேட்க ஆளில்லாமல், ஏழு வருடம் ஒன்றோடு மல்லுக்கட்டி, அதைப் பேசலாம் என்று தோன்றி, ஒரு பக்கம் எழுதி, என் பெயர் கூடப் பயன்படாத வழியாக அனுப்பியிருக்கிறாய். நான் செய்யாத காரியம் அது.

மாப்பிள்ளை சொன்னார், நீ வாத்தியாரம்மாவின் கடிதத்தை இன்னும் திறந்தபடியே வைத்திருக்கிறாய், பதில் போடவில்லை, கேட்டால் "மேல நின்னு என்ன பேசுறது, எல்லாரும் சிரிப்பாங்க" என்கிறாய் என்று. சிரிப்பார்கள் என்ற பயத்தை உனக்குக் கொடுத்தவன் நான். அதை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த நூற்றிருபது பேரில் பாதிப் பேர் வீட்டிலோ ஆபீஸ் மூலையிலோ உன்னைப் போலவே தனியாக, யாரோ எழுதிய எதையோ முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். இடைவேளையில் காபிக் கோப்பையோடு சுவரோரம் ஒதுங்கி நிற்பவர்களை ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். வெற்றிக் கதை முடிந்ததும் கைதட்டுவார்கள். தோற்றுத் தோற்றுச் சரி செய்த கதை வந்தால் பையிலிருந்து நோட்டை எடுப்பார்கள்.

பயண ஏற்பாட்டை வயர் பார்த்துக்கொள்கிறார். மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. உன் அண்ணி அவளை முன்வரிசையில் வைத்துக்கொள்வாள், கத்தினால் வெளியே தூக்கிப்போவாள். உன் மடிக்கணினியின் முனை என்ன மாதிரி என்று மட்டும் வயருக்குச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் அவர் முப்பது முனைகளோடு வந்து நிற்பார். திரையில் காட்டும் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள். தண்ணீர் பாட்டில் இடது பக்கம் இருக்கும்.

இனி கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். நான் அந்த அறையில் இருப்பது உனக்குச் சங்கடம் என்றால், நான் வெளியே பதிவு மேசையில் உட்கார்ந்து அடையாள அட்டைகளுக்கு நாடா கோத்துக்கொண்டிருக்கிறேன். கதவைச் சாத்திவிடுவார்கள், ஒரு சொல் கேட்காது. உள்ளே இருக்கலாம் என்றால் கடைசி வரிசையில் இருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். உன்னை அறிமுகப்படுத்தப்போவது வாத்தியாரம்மா. பயப்படாதே, அவருக்கு ஜோக்கே வராது. உரை முடிந்து கேள்வி நேரம் வந்து, எனக்குக் கைதூக்க அனுமதி உண்டு என்று நீ சொன்னால், அந்த மூன்று வினாடி எதற்கு என்று கேட்பேன். இந்த முறை உண்மையிலேயே தெரியாமல் கேட்பேன்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் வாத்தியாரம்மாவுக்குச் 'சரி' என்று ஒரே ஒரு சொல் எழுதிப் போட்டுவிடு, கண்ணு. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

நன்றாக இரு.

உன் அண்ணன்